முதலும் ஊதியமும்: காணும் கண்ணில் கத்தி வைப்பதன் அறம்

கண்ணுக்குள் வில்லை பொருத்துவது என்றால் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கண்புரை அறுவையையே எண்ணுவர். புரை படர்ந்து ஒளி புக இயலாதபடி மங்கிய இயற்கை வில்லையை அகற்றி, அவ்விடத்தில் செயற்கை வில்லையை வைக்கும் அச்சிகிச்சை, 1976-இல் மதுரையில் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையாலும், 1992-இல் அதன் துணையமைப்பாகத் தோன்றி வில்லைகளைக் குறைந்த விலையில் உற்பத்தி செய்த ஆரோலேபாலும் ஏழை எளியோர் வரை சென்று சேர்ந்தது. அதன் அறநியாயத்தில் ஐயத்துக்கு இடமில்லை. இருண்டுவரும் கண்ணுக்கு அங்கே வெளிச்சம் கிடைக்கிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பரவிவரும் மற்றொரு சிகிச்சையின் நிலை வேறு. அதில் இயற்கை வில்லை அகற்றப்படுவதில்லை. பழுதின்றி இயங்கும் அவ்வில்லைக்கு முன்னும், ஐரிஸ் எனப்படும் நிறப்படலத்துக்குப் பின்னுமாக, மெல்லிய இன்னொரு வில்லை செருகப்படுகிறது. மருத்துவமனைகளில் ஐசிஎல் என்று சுருக்கமாக வழங்கும் இச்சிகிச்சை, பெரும்பாலும் கிட்டப்பார்வை உடையோருக்கு, அதாவது விழிக்கோளம் இயல்பைவிட நீண்டிருப்பதால் தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறவர்களுக்குச் செய்யப்படுகிறது. அவர்கள் பார்வையற்றவர்கள் அல்லர். கண்ணாடி அணிந்தால் நன்றாகவோ, ஓரளவு நன்றாகவோ காண்கிறவர்கள்.

காணும் கண்ணைக் கீறுவது எந்த அளவுக்கு நியாயம் என்பதே இங்கு எழும் கேள்வி. நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருத்தலே மருத்துவரின் முதற்கடமை என்ற பழைய நெறியை எழுத்துக்கு எழுத்து கொண்டால், கண்ணாடியால் ஈடுசெய்யக்கூடிய குறைக்காக ஓர் ஆரோக்கியமான உறுப்பைத் திறப்பதே தவறாகிவிடும். நோயாளியின் விருப்பமே முடிவானது என்று கொண்டால், கேட்டவருக்கெல்லாம் அறுவை செய்யலாம் என்றாகும். இவ்விரண்டுக்கும் இடையில் தீர்ப்புச் சொல்ல உதவும் அளவுகோல் தமிழ் அறநூல் மரபிலேயே இருக்கிறது. திருக்குறளின் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம், ஒரு வினையில் இறங்குமுன் அதனால் அழியக்கூடியது, ஆகக்கூடியது, ஆகியபின் அது தரும் ஊதியம் ஆகிய மூன்றையும் எண்ணவேண்டும் என்று தொடங்கி, வரப்போகும் ஆக்கத்தைக் கருதிக் கையிலிருக்கும் முதலையே இழக்கச் செய்யும் வினையை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்று எச்சரிக்கிறது. அரசியலுக்கும் பொருளுக்கும் சொல்லப்பட்டதாக உரையாசிரியர்கள் கொண்ட இக்கருத்து, கண்ணைப் பொறுத்தவரை இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. கண்ணாடி போட்டேனும் கிடைக்கும் இன்றைய பார்வை முதல். கண்ணாடி இல்லாமலே கிடைக்கும் நாளைய பார்வை ஊதியம். செல்வத்தில் இழந்த முதலை உழைத்து மீட்கலாம். கண்ணில் அது எப்போதும் இயல்வதில்லை.

ஊதியத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. கண்ணாடியின் பவரை அளக்கும் அலகான டயாப்டரில் பத்து, பன்னிரண்டு என்ற அளவுக்குக் கிட்டப்பார்வை உடைய ஒருவர், கண்ணாடியைக் கழற்றினால் தம் கைவிரல்களுக்கு அப்பால் உள்ள உலகைக் கலங்கலாகவே காண்கிறார். இரவில் எழுந்தால் கண்ணாடியைத் தடவித் தேடியபின்னரே கால் வைக்கிறார். வெள்ளமோ தீயோ வந்த நேரத்தில் கண்ணாடி உடைந்தால் உயிருக்கே ஆபத்து. தடித்த குழிவில்லைக் கண்ணாடி விழித்திரையில் விழும் பிம்பத்தைச் சிறிதாக்குகிறது. அதே ஆற்றலுள்ள வில்லை கண்ணுக்குள்ளேயே அமையும்போது பிம்பம் பெரிதாவதால், இத்தகையோருள் பலர் கண்ணாடியால் ஒருபோதும் படித்திராத எழுத்து வரிகளை அறுவைக்குப் பின் வெறுங்கண்ணால் படிக்கிறார்கள். கார்னியா எனப்படும் விழியின் முன்படலத்தை லேசரால் செதுக்கும் லேசிக் முறையில் பவர் கூடக்கூட மிகுதியாகச் செதுக்கவேண்டியிருப்பதால், படலம் மெலிந்தவர்களுக்கும் பவர் மிகுந்தவர்களுக்கும் அம்முறை பொருந்துவதில்லை. அவர்களுக்கு ஐசிஎல் உண்மையான மாற்றுவழி. அறுவை ஒரு கண்ணுக்கு அரைமணி நேரத்தைத் தாண்டுவது அரிது. சொட்டு மருந்தால் மரக்கச் செய்து, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கீறலின் வழியாகச் சுருட்டிய வில்லையை உள்ளே விட, அது மெல்ல விரிகிறது. மறுநாளே பெரும்பாலோர் தெளிவாகக் காண்கிறார்கள்.

எனினும் எதிர்பார்ப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதும், அந்த எல்லை விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை என்பதும் கவனத்துக்குரியவை. வில்லை கிட்டப்பார்வையைக் குணப்படுத்துவதில்லை; அதன் விளைவை மட்டுமே சரிசெய்கிறது. நீண்டுபோன விழிக்கோளம் நீண்டபடியே இருக்கிறது. இழுபட்டு மெலிந்த விழித்திரை மெலிந்தபடியே இருக்கிறது. ஆகவே விழித்திரை கிழியவோ விலகவோ உள்ள வாய்ப்பு கண்ணாடியோடு சேர்ந்து கழன்றுவிடுவதில்லை. ஆண்டுதோறும் பாவையை விரித்துச் செய்யவேண்டிய பரிசோதனையைக் ‘கண் சரியாகிவிட்டது’ என்ற நினைப்பில் கைவிடுகிறவர், அறுவை செய்துகொள்ளாதவரைவிடத் தாழ்ந்த நிலைக்குத் தம்மைக் கொண்டுவந்துவிடுகிறார். நாற்பதைத் தாண்டியபின் வரும் வெள்ளெழுத்தும் வந்தே தீரும். கண்ணாடியே வேண்டாம் என்று நம்பி வந்தவர் அப்போது படிக்கும் கண்ணாடியைத் தேடவேண்டியிருக்கும். மங்கிய ஒளியில் விளக்குகளைச் சுற்றி வளையங்கள் தோன்றுவதும், எதிர்வரும் வண்டியின் வெளிச்சம் சிதறிக் கூசுவதும் பலருக்குக் காலப்போக்கில் குறைகின்றன; சிலருக்கு நிலைத்துவிடுகின்றன. அமெரிக்க மெய்யியலாளர் எல்.ஏ. பால், 2014-இல் வெளியான தம் நூலில், சில அனுபவங்கள் அவற்றை அடையும் வரை எப்படிப்பட்டவை என்று அறியவே முடியாதவை, ஆதலால் அவற்றை முன்கூட்டி எடைபோட்டுத் தேர்வதில் அடிப்படையான இடர் இருக்கிறது என்று வாதிடுகிறார். இரவு நேரத்தில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த ஒளிவளையம் எப்படியிருக்கும் என்பதை எந்தப் படத்தாலும் முன்னதாகக் காட்டிவிட முடியாது என்பது இவ்வாதத்துக்கு நல்ல சான்று.

முதலுக்கு நேரும் இழப்பு எங்கே பதுங்கியிருக்கிறது என்பதைக் கண்ணின் உள்ளளவுகளே காட்டுகின்றன. செருகப்படும் வில்லைக்கும் அதன் பின்னுள்ள இயற்கை வில்லைக்கும் இடையே விடப்படும் இடைவெளி பொதுவாகக் கால் மில்லிமீட்டருக்கும் முக்கால் மில்லிமீட்டருக்கும் இடையில் இருப்பது நல்லது எனக் கருதப்படுகிறது. இடைவெளி குறைந்தால் இரு வில்லைகளும் உரசி, இயற்கை வில்லையில் புரை உண்டாகலாம். கூடினால், புதிய வில்லை நிறப்படலத்தை முன்னே தள்ளிக் கண்ணின் உள்நீர் வடியும் கோணத்தை அடைத்து, கண் அழுத்தத்தை உயர்த்தி, கிளாக்கோமா எனப்படும் நரம்புச் சேதத்துக்கு வழிவகுக்கலாம். இந்த இடைவெளியைத் தீர்மானிப்பது, நிறப்படலத்தின் பின்னே மறைந்திருக்கும் ஒரு பள்ளத்தின் குறுக்களவு. அது நேரே கண்ணுக்குப் புலப்படாததால், கருவிழியின் அகலத்தைக் கொண்டோ, ஒலியலைக் கருவி முதலியவற்றின் துணையாலோ கணிக்கப்படுகிறது. மிகப் பரவலாகப் பயன்படும் வில்லையோ 12.1, 12.6, 13.2, 13.7 மில்லிமீட்டர் ஆகிய நான்கே அளவுகளில் கிடைக்கிறது. மனிதக் கண்கள் நான்கு அளவுகளில் படைக்கப்படவில்லை. ஆதலால் தேர்ந்த கைகளிலும் சிலருக்கு வில்லையை மாற்றவோ அகற்றவோ நேர்கிறது. அஸ்டிக்மாடிசம் எனப்படும் சிதறல் பார்வைக்காக வைக்கப்படும் வில்லை உள்ளே திரும்பிவிட்டால் அதை மீண்டும் நேராக்கவேண்டியிருக்கிறது.

இவை விரைவில் வெளிப்படும் இடர்கள். மெல்ல வருவது வேறு. கார்னியாவின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக அமைந்த எண்டோதீலியம் என்னும் செல்கள், அப்படலத்திலிருந்து நீரை இடைவிடாது வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. இளம் வயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2500 முதல் 3000 வரை இருக்கும் அவை, இயல்பாகவே ஆண்டுக்கு ஏறத்தாழ 0.6 விழுக்காடு குறைந்துவருகின்றன. இழந்தவை மனிதரில் மீண்டும் பெருகுவதில்லை. கண்ணுக்குள் அறுவை செய்யும்போதும், உள்ளே ஓர் அயற்பொருள் இருக்கும் காலத்திலும் இக்குறைவு கூடலாம். இருபத்தைந்து வயதில் வில்லை வைத்துக்கொள்பவருக்கு இன்னும் ஐம்பது அறுபது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அறுவையின் முழுக்கணக்கு முதுமையில்தான் முடிகிறது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில், கற்ற மருத்துவன் நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செய்யவேண்டும் என்று மூன்றாவதாகக் காலத்தைச் சேர்த்தது பருவகாலத்தையும் சிகிச்சைக்கான நேரத்தையும் கருதியே எனினும், நோயாளிக்கு எஞ்சியுள்ள ஆயுளையும் அதில் அடக்கிப் படிப்பது இச்சிகிச்சைக்குத் தகும். ‘வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்’ என்று சொல்லப்படும் ஆறுதல் வில்லையைப் பற்றிய வரை உண்மை. அதுவரை இழந்த செல்களையும் வந்த புரையையும் பற்றி அது உண்மையன்று.

இச்சிகிச்சையின் வரலாறு, ஊதியம் கருதி முதலிழந்தவர்களின் வரலாறும்கூட. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்துக் கிடந்த அக்ரிலிக் சில்லுகள் அழற்சியை உண்டாக்காமல் இருந்ததைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் செயற்கை வில்லையைக் கண்புரை நோயாளி ஒருவருக்குப் பொருத்தினார். அவ்வில்லையின் ஆற்றல் தவறாகக் கணிக்கப்பட்டதால் அந்நோயாளிக்குக் கடும் கிட்டப்பார்வை உண்டாயிற்று. ஆயினும் அவர் ஏற்கெனவே புரையால் மறைந்த கண்ணோடு வந்தவர். 1950-களில் இத்தாலியின் ஸ்ட்ரம்பெல்லியும் ஸ்பெயினின் பராக்கேரும் இதே எண்ணத்தை, இயற்கை வில்லை நலமாக உள்ள கிட்டப்பார்வைக் கண்களுக்கு விரித்தபோது, கார்னியா சேதமடைந்தும் அழற்சி உண்டாகியும் பராக்கேர் தாம் வைத்த வில்லைகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றைத் தாமே வெளியே எடுக்க நேர்ந்தது. நெதர்லாந்தில் ஜான் வோர்ஸ்ட் நிறப்படலத்தைக் கவ்விக்கொள்ளும் வில்லையையும், மாஸ்கோவில் ஃபியோதரோவ் நிறப்படலத்துக்குப் பின்னால் வைக்கும் வில்லையையும் 1980-களில் கொண்டுவந்தனர். பின்னதன் வழிவந்த ஐசிஎல்லுக்கு 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது. உள்நீர் தடையின்றி ஓட, வில்லையின் நடுவில் 0.36 மில்லிமீட்டர் துளையிட்ட வடிவம் வந்தபின் புரையும் அழுத்தமும் பெரிதும் குறைந்தன. இன்று ஒருவர் அடையும் பாதுகாப்பு, முன்னே கண்ணைப் பணயம் வைத்தவர்கள் தந்தது. அவர்களுள் எத்தனை பேருக்குத் தாம் சோதனையில் பங்கேற்கிறோம் என்பது தெரிந்திருந்தது என்பது, மருத்துவ வரலாறு இன்னும் முழுமையாக எதிர்கொள்ளாத கேள்வி.

நிகழ்தகவு என்பது கூட்டத்துக்கு உரியது. கண்ணோ தனியொருவருக்கு உரியது. இத்தகைய அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ்பிடிப்பது ஏறத்தாழ 6000 கண்களுக்கு ஒன்று என, அறுவை மருத்துவர்களிடையே எடுக்கப்பட்டு 2009-இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்று மதிப்பிட்டது. மருத்துவமனைக்கு அந்த எண் பெருமிதத்துக்குரியது. அந்த ஒருவருக்கோ அது முழுமையான இழப்பு. இவ்விரு பார்வைகளுள் எதைக்கொண்டு மருத்துவர் பேசவேண்டும் என்ற கேள்விக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992-இல் அளித்த தீர்ப்பு இன்றும் ஒளி தருகிறது. சிறுவயதில் நேர்ந்த காயத்தால் வலக்கண் ஏறக்குறைய பார்வையற்றுப்போன பெண்மணி ஒருவருக்கு, அக்கண்ணின் தோற்றத்தையும் ஓரளவு பார்வையையும் மீட்கலாம் என்று அறுவை செய்யப்பட்டது. ஒரு கண்ணில் பட்ட காயத்தால் உடலின் எதிர்ப்பாற்றல் கிளர்ந்து மறுகண்ணையும் தாக்கும் அரிய அழற்சி அவருக்கு உண்டாகி, நலமாக இருந்த இடக்கண்ணும் பார்வையிழந்தது. அதற்கான வாய்ப்பு 14,000-இல் ஒன்றே; அறுவையின் கைத்திறனில் பிழை ஏதும் காணப்படவில்லை. ஆனால் அப்பெண்மணி அறுவைக்கு முன் என்னென்ன நேரலாம் என்று ஓயாமல் விசாரித்திருந்தார். நல்ல கண்ணில் தவறிக்கூட யாரும் கைவைத்துவிடாதபடி அதை மூடிவைக்கலாமா என்றுகூடக் கேட்டிருந்தார். தம் ஒரே கண்ணைப் பற்றி இவ்வளவு அஞ்சுகிறவருக்கு அந்த ஒன்றும் முக்கியமானதே, அதைச் சொல்லாமல் விட்டது மருத்துவரின் கடமைத் தவறே என்று நீதிமன்றம் கூறியது. இடர் முக்கியமானதா என்பதை எண்ணின் சிறுமை தீர்மானிப்பதில்லை, அதைத் தாங்கப்போகிறவரின் நிலையே தீர்மானிக்கிறது என்பது இத்தீர்ப்பின் சாரம். அறவியலில் இதைவிடத் தெளிவாக இக்கருத்து சொல்லப்பட்ட இடங்கள் குறைவு.

தமிழ்ச் சூழலில் அந்த ஒருவரின் இழப்பை விளக்க மற்றொரு சொல் எப்போதும் தயாராக இருக்கிறது: தலையெழுத்து. எல்லாம் முன்பே வகுக்கப்பட்டபடி நடக்கும் என்ற நியதிக் கொள்கையை ஆசீவகர் என்னும் பழஞ்சமயத்தார் முழுமையாகவே ஏற்றனர்; மணிமேகலையின் சமயக்கணக்கர் பகுதியில் அவர்கள் கொள்கை விரிவாகப் பேசப்படுகிறது. வள்ளுவரும் ஊழின் வலிமையை ஒரு முழு அதிகாரத்தில் ஒப்புக்கொள்கிறார்; ஆனால் ஆள்வினையுடைமையில், தளராது முயல்வோர் அந்த ஊழையே புறங்காண்பர் என்றும் சொல்கிறார். இவ்விரண்டையும் முரண் என்று தள்ளாமல் சேர்த்துப் படித்தால், ஊழ் என்ற பெயர் எதற்குப் பொருந்தும் என்பதற்கு வரையறை கிடைக்கிறது: செய்யவேண்டிய அனைத்தும் செய்யப்பட்டபின் எஞ்சுவதற்கே அப்பெயர் உரியது. கார்னியாவுக்கும் நிறப்படலத்துக்கும் இடைப்பட்ட முன்னறையின் ஆழம் அளக்கப்படாமல், எண்டோதீலியச் செல்கள் எண்ணப்படாமல், பவர் ஓராண்டாவது நிலையாக இருக்கிறதா என்று பார்க்கப்படாமல், திருமண நாள் நெருங்குகிறது என்பதற்காகவோ தள்ளுபடி முடிகிறது என்பதற்காகவோ விரைந்து செய்யப்பட்ட அறுவையில் கண் கெட்டால் அது ஊழன்று. அதற்கு விதியின் பெயரைச் சூட்டுவது, பொறுப்புடையவரை விடுவித்து, இழந்தவரின் முன்வினைமேல் பழியை ஏற்றும் கொடுமையாகும்.

சமயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தி, ஒப்புதல் பெறும் அறைகளில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. மிகப் பரவலாகப் பயன்படும் ஐசிஎல் வகை, கொலாமர் என்னும் பொருளால் ஆனது. அதில் பன்றியிலிருந்து எடுக்கப்பட்ட கொலாஜன் என்னும் புரதம் மிகச் சிறு அளவில், ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகக் கலந்திருக்கிறது. இசுலாமியச் சட்ட மரபில், விலக்கப்பட்ட பொருள் தன் இயல்பு முற்றிலும் மாறி வேறொன்றானால் தூய்மையாகிறது என்ற இஸ்திஹாலா கோட்பாடு உண்டு. ஹனஃபி, மாலிக்கி மரபுகள் அதை விரிவாகவும், தமிழகக் கடற்கரை முசுலிம்களிடையே வேரூன்றிய ஷாஃபி மரபு குறுகிய எல்லைக்குள்ளும் ஏற்கின்றன. தரூரா எனப்படும் தவிர்க்கவியலாத தேவை வந்தால் விலக்கு தளரும் என்ற நெறியும் உண்டு. ஆனால் கண்ணாடி என்ற மாற்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது அத்தேவையை நிறுவுவது எளிதன்று. புலால் மறுத்தலை அறமாகக் கொண்ட சமணர், சைவர் பலருக்கும் இதே தயக்கம் எழலாம். இதற்குத் தீர்வு அவரவர் மனச்சான்றிலும் அவரவர் ஆசான்களிடமும் இருக்கிறது. மருத்துவர் அதைத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. விலங்குப் பொருள் கலவாத அக்ரிலிக் வில்லைகளும் இந்தியாவிலேயே தயாராகின்றன என்பதையும் சேர்த்து, உள்ளே வைக்கப்போவது இன்னது என்று சொல்லிவிடுவது மட்டுமே அவர் கடமை. ‘அற்ப அளவுதானே’ என்று அதை மறைப்பது, 14,000-இல் ஒன்றான அந்த இடரைச் சொல்லாமல் விட்டதற்கு நிகரான தவறு.

இவற்றை வைத்துப் பார்க்கும்போது ஒரே விடையை எல்லாக் கண்ணுக்கும் சொல்ல முடியாது. ஆனால் விடை மாறும் இடத்தைச் சொல்லலாம். கண்ணாடியால் முழுமையாகக் காண இயலாத, தொடுவில்லை ஒவ்வாத, லேசிக்குக்குத் தகுதியற்ற கடும் கிட்டப்பார்வை உடையவருக்கு, அளவுகள் அனைத்தும் பொருந்திவருமானால், ஐசிஎல் நியாயமான வினை. அங்கே முதலே குறைபட்டிருக்கிறது, ஊதியம் பெரிது. மூன்று நான்கு டயாப்டரில், கண்ணாடியோடு குறையின்றிக் காண்கிறவர், அக்கண்ணாடி முகத்துக்குப் பொருந்தவில்லை என்று பிறர் சொல்வதால் மட்டும் இதை நாடும்போது, தராசு மறுபக்கம் சாய்கிறது. கண்ணாடி போட்ட பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது என்று பெற்றோரே அழைத்துவருவதும் நடக்கிறது; பிறரின் பார்வைக் குறைக்காக அப்பெண் தன் கண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை. அறுவையை நாடுகிறவர் வயதுவந்தவர், தாமே எண்ணித் துணிந்தார் என்றால் அவரைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த எண்ணுதல் நிகழ்ந்ததா என்று உறுதிசெய்துகொள்ளும் கடமை கத்தியைக் கையில் எடுப்பவருக்கு இருக்கிறது. வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்காகப் பகுத்து நோயாளியை முதலில் வைத்தார். ஒப்புதல் படிவத்தை அறுவை நாளன்று காலையில், கண்ணில் சொட்டு மருந்து விட்டு எழுத்து மங்கிய நேரத்தில் நீட்டும் வழக்கம் எங்கிருந்தாலும் அது கைவிடப்படவேண்டும். படிவம் நோயாளியின் தாய்மொழியில், சில நாட்கள் முன்னதாக, வீட்டுக்கு எடுத்துச்சென்று படிக்கும்படி தரப்படவேண்டும். அறுவையை நாடுகிறவரும், தம் முன்னறையின் ஆழம், செல்களின் எண்ணிக்கை, விழித்திரையின் நிலை, வில்லையின் பொருள், அறுவைக்குப் பின் ஆண்டுதோறும் வரவேண்டிய பரிசோதனை ஆகியவற்றைக் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளாமல் கையெழுத்திடக் கூடாது.